கால் நீட்டின மானா

என்ரை கையெழுத்தை யாழ்ப்பாணத்திலை அரைவாசிப் பேர் பாத்திருக்கினம். அது ஆற்றை எழுத்தெண்டு அவைக்குத் தெரியாது. தெரியாதபடியாலைதான் நான் சந்தைக்கும் கோயிலுக்கும் தலை நிமித்திப் போய் வந்தனான். இப்ப நினைச்சாலும் காது ரெண்டும் சுடும்.

நான் படிச்சது மூண்டாம் வகுப்பு. அதுவும் முழுசா இல்லை. அம்மாவுக்குக் கடைசித் தம்பி பிறக்க, பிள்ளை பாக்க ஆளில்லையெண்டு என்னை மறிச்சுப் போட்டினம். பேந்து அவன் வளந்து பள்ளிக்கூடம் போனான், நான் குசினியிலை நிண்டன். அவன் படிச்சுப் படிச்சு என்னத்தைக் கண்டவனெண்டு கேட்டா, ஒரு மூக்குக்கண்ணாடியைக் கண்டவன்.

எழுத்துக் கூட்டி வாசிப்பன். எழுதவும் எழுதுவன். ஆனா என்ரை எழுத்து பெட்டி பெட்டியாத்தான் வரும். வளைய வேண்டிய இடத்திலை கை வளையாது, சைக்கிள்காரன் சந்தியிலை வெட்டித் திரும்பிற மாதிரித் திரும்பும். எல்லாத்திலையும் மோசம் மானா. அதின்ரை கடைசிக் கோட்டை அளவோடை நிப்பாட்ட எனக்குத் தெரியாது, கீழை இழுத்து விட்டிடுவன். ஆடொண்டு ஒரு காலை நீட்டிக்கொண்டு கிடக்கிற மாதிரி இருக்கும். ஏன் இழுக்கிறனெண்டு கேட்டா எனக்கே தெரியாது.

திருநெல்வேலிச் சந்தைக்குக் கிட்ட எங்கடை வீடு. அவர் கொழும்பிலை கடையொண்டிலை நிண்டவர். சண்டை ஓய்ஞ்சு பாதை திறந்தா வருவார், பூட்டினா அங்கையே நிண்டிடுவார். நான் முன் ஜன்னலுக்குள்ளாலை இடியப்பமும் சம்பலும் வித்தனான். வாங்கிறது பக்கத்துக் கம்பஸிலை படிக்கிற பிள்ளையள். வாசல்லை ஒரு கரும்பலகை தொங்கும். அதிலை சோக்கட்டியாலை "இடியப்பம் முடிஞ்சுது, நாளைக்குக் கெதியா எழும்பவும்" எண்டோ, "இண்டைக்குச் சம்பல் உறைப்பு, அழுதால் நான் பொறுப்பில்லை" எண்டோ எழுதி வைப்பன். பசியிலை வாறவன் எழுத்தின்ரை வடிவைப் பாக்கமாட்டான். அதாலை அந்தப் பலகையிலை எனக்கு வெக்கம் இருக்கேல்லை.

பக்கத்து அறையை ஒரு பிள்ளைக்கு வாடகைக்குக் குடுத்திருந்தம். குருநகர்ப் பிள்ளை, கிறிஸ்தவ வேதக்காரர், தேப்பன் கடற்தொழில். அவ நல்லூரிலை ஒரு ரியூசன் கொட்டிலிலை கொம்பியூட்டர் படிப்பிச்சவ. கரண்ட் நிண்டு போன காலம் அது. மண்ணெண்ணெய் ஊத்தி ஜெனரேற்றர் ஓட்டி, அது இருமி இருமி ஓடுற நேரத்துக்குள்ளை படிப்பிக்கவேணும். ஒரு நாள் பின்னேரம் சைக்கிளை மதிலோடை சாத்திப் போட்டுக் கேட்டவ:

"அன்ரி, அந்தப் பலகையிலை எழுதிறது ஆர்?"

"ஏன் பிள்ளை, பிழை கிடக்கோ?"

"பிழையில்லை. எனக்கு அந்த எழுத்து வேணும்."

"இடியப்பம் வாங்கினா எழுத்துச் சும்மா."

அவ சிரிக்கேல்லை. கொம்பியூட்டரிலை எழுத்தெண்டது சின்னச் சின்னப் பெட்டியளைக் கறுப்படிக்கிறதாம். வடிவான வளைஞ்ச எழுத்தை அந்தப் பெட்டியளுக்குள்ளை அடைச்சா விளிம்பெல்லாம் பல்லுப் பல்லா வருமாம். "உங்கடை எழுத்து முதலே பெட்டி அன்ரி. அப்பிடியே போய் இருக்கும்" எண்டவ.

எனக்கு வந்த சந்தோசப் புழுகத்தைச் சொல்லேலாது. மூண்டாம் வகுப்பிலை ரீச்சர் என்ரை விரல் மூட்டிலை அடிமட்டத்தாலை தட்டினவ. அதுக்குப் பிறகு என்ரை எழுத்தைப் பற்றிக் கதைச்ச முதலாவது ஆள் உவதான். கட்டம் போட்ட கணக்குக் கொப்பித் தாளிலை, ஆனா ஆவன்னா தொடங்கி ஒண்டும் விடாமல் எழுதிக் குடுத்தன். தன்ரை பாடத்துக்கு வைச்சிருக்கப் போறாவாக்குமெண்டு நினைச்சன்.

என்னத்துக்கு இந்தப் பாடெண்டு ஒருக்கால் கேட்டதுக்குத்தான் கதை வெளியிலை வந்தது. முதல் ரியூசன் கொட்டில்காரரட்டை ஒரு தமிழ்ப் புறோகிராம் இருந்ததாம், வெளியிலை இருந்து வந்தது, ஒரே ஒரு பிளொப்பித் தட்டிலை. அது பூட்டோடை வந்ததாம். கொப்பி எடுக்க விடாதாம், உள்ளுக்கை என்ன கிடக்கெண்டு பாக்க விடாதாம். மாரியிலை தட்டுப் பூஞ்சணம் பிடிச்சுச் செத்துப் போச்சு. பாதை பூட்டு. இன்னொண்டு எங்கை எடுக்கிறது?

"அதுதான் அன்ரி, நான் செய்யிறதிலை பூட்டு இல்லை. ஆரும் எடுக்கலாம், ஆரும் கொப்பி குடுக்கலாம், உள்ளுக்கை திறந்து பாத்துப் பிடிக்காட்டி மாத்தலாம். ஒண்டே ஒண்டு, தாங்கள் மாத்தினதைத் தாங்களும் பூட்டாமல் மற்றவைக்குக் குடுக்கவேணும்."

"உறைமோர் மாதிரியோ?"

"ஓம், உறைமோர் மாதிரித்தான்."

"அப்ப உனக்கு என்ன மிச்சம்?"

"நாளைக்கு நான் இல்லாட்டியும் எழுத்து இருக்குமெல்லோ."

உப்பைத் தாங்கோ எண்டு கேக்கிற மாதிரி அதைச் சொல்லிப்போட்டு இடியப்பத்தைப் பிய்ச்சவ. நான் அதுக்கு மேலை சொதியை விட்டன். உறைமோர் எத்தினை வீடு போனாலும் அது ஆற்றை மாட்டுப் பாலெண்டு ஒருத்தரும் கேக்கிறேல்லை. அந்த நிம்மதியோடை நான் அந்தக் கதையை மறந்து போனன்.

அந்த நேரத்திலைதான் மூத்த மகளுக்கு அரியாலையிலை இருந்து சம்பந்தம் வந்தது. மாப்பிள்ளை அவளோடை கம்பஸிலை படிச்ச பெடியன். அவளுக்கு விருப்பமெண்டு அவள் சொல்லேல்லை, ஆனா அவன்ரை ஊரைச் சொன்னாலே கறிக்கு ரெண்டு தரம் உப்புப் போட்டாள். தேப்பன் பென்சன் எடுத்த தலைமை வாத்தியார். படிச்ச குடும்பம், பாத்துப் பாத்துத்தான் எடுப்பினமெண்டு புறோக்கர் சொன்னவர். சொன்ன கையோடை, "நான் உங்களை எட்டாம் வகுப்பெண்டு சொல்லிப் போட்டன். மூண்டெண்டு சொன்னா அவை படியேறமாட்டினம்" எண்டார்.

நான் ஓமெண்டும் சொல்லேல்லை, இல்லையெண்டும் சொல்லேல்லை. "தேத்தண்ணி குடிக்கிறியளோ?" எண்டு கேட்டன். அண்டையிலை இருந்து நான் எட்டாம் வகுப்பு. ஒரு சோதினையும் எழுதாமல் அஞ்சு வகுப்பு ஏறின ஆள் நான் ஒருத்திதான். ஆனா அவை எப்ப கண்டுபிடிப்பினமோ, என்னாலை என்ரை பிள்ளையின்ரை கலியாணம் குழம்புமோ எண்டு இடியப்பம் பிழியேக்கையும் அதே யோசினைதான்.

அதுக்குப் பிறகுதான் சந்தை மதில்லை அந்த நோட்டீசைக் கண்டன். கம்பஸ் பெடியள் போடுற நாடகம். கோடு போட்ட கொப்பித் தாளிலை றோணியோ மெசினாலை அடிச்சு ஒட்டிக் கிடந்தது. "நாடகம்" எண்டு பெரிசா. கடைசியிலை என்ரை மானா, காலை நீட்டிக்கொண்டு. அதுக்குக் கீழை "அனுமதி இலவசம்." அங்கையும் ரெண்டு ஆடு.

கத்தரிக்காய் விக்கிற மனிசி பக்கத்திலை இருந்தவவுக்குச் சொன்னா:

"உது ஆர் எழுதினது, கோழி கிண்டின மாதிரி?"

"கொம்பியூட்டராம்."

"அப்ப கொம்பியூட்டருக்கும் படிப்பு ஏறேல்லைப் போல."

நல்ல பகிடிதான். வேறை நாளெண்டா நானும் ஒரு பங்கு போட்டிருப்பன். அண்டைக்குச் சீலைத் தலைப்பைக் கன்னத்துக்கு இழுத்துக்கொண்டு, வாங்க வந்ததை வாங்காமலே வீட்டை வந்திட்டன்.

பின்னேரம் குருநகர்ப் பிள்ளை வந்து சைக்கிளாலை இறங்க முன்னமே பிடிச்சன்.

"என்ரை எழுத்தைத் திருப்பி வாங்கு."

"என்னெண்டு அன்ரி வாங்கிறது? கன பேர் கொப்பி எடுத்திட்டினம். அவையட்டை இருந்து ஆர் ஆர் எடுத்தினமோ."

"நீ குடுத்தனி, நீ வாங்கு."

"திருப்பி வாங்கேலாத மாதிரித்தானே குடுத்தனான். அப்பிடிக் குடுத்தாத்தானே அது குடுத்தது. உங்கடை பேரை நான் ஒருத்தருக்கும் சொல்லேல்லை."

"பேர் சொல்லாட்டி? உடுப்பில்லாமல் றோட்டிலை நிக்கவிட்டிட்டு, முகத்தை மட்டும் மூடிவிட்ட மாதிரிக் கிடக்கு."

அவ வாயைப் பொத்திக்கொண்டு சிரிச்சவ. எனக்கு அழுகை வந்ததை அவ காணேல்லை. பகிடிக்காரருக்கு உதொரு கரைச்சல். அழுதாலும் அடுத்த பகிடிக்கு மூச்சு எடுக்கினமெண்டு நினைப்பினம்.

அதுக்குப் பிறகு வெள்ளம் மாதிரி. அச்சுக்கூடக்காரரட்டைத் தாளும் இல்லை மையும் இல்லை. கொம்பியூட்டர் பிறின்டரிலை ரிபனைக் கழட்டிப் போட்டா, அதின்ரை ஊசியள் மெழுகுத் தாளிலை ஓட்டை குத்துமாம். அந்தத் தாளை றோணியோவிலை போட்டுச் சுத்தினா வேண்டியளவு வரும். அப்பிடித்தான் எல்லாம் வந்தது. பெடியள் கவிதைப் புத்தகம் போட்டினம், என்ரை எழுத்து. குருநகர் வேதக்கோயில்லை பாட்டுத்தாள், என்ரை எழுத்து. செத்தவீட்டு நோட்டீசும் என்ரை எழுத்து. அதிலை மட்டும் கொஞ்சம் ஆறுதல், சம்பந்தப்பட்டவர் எழும்பி வந்து குறை சொல்லமாட்டார். எங்கடை கோயில் திருவிழாவிலை தேவாரத்தாளைக் கையிலை தந்தினம். விரிச்சுப் பாத்தா அதிலையும் மானா காலை நீட்டிக்கொண்டு கிடக்கு, சாமி சந்நிதியிலை. நான் தாளை மடிச்சு இடுப்பிலை செருகிப்போட்டு, தெரிஞ்ச பாட்டை மட்டும் பாடினன்.

கவிதை எழுதிற பெடியன் ஒருத்தன் என்னட்டைத்தான் சாப்பாடு எடுக்கிறவன். ஒரு நாள் கரும்பலகைக்கு முன்னாலை கன நேரம் நிண்டான். அவன்ரை கவனத்தைத் திருப்ப நான் ரெண்டு இடியப்பம் கூட வைச்சன்.

"அன்ரி, நீங்கள் எங்கடை புத்தகம் பாத்தனீங்களோ?"

"ஏன் தம்பி?"

"இல்லை, கொம்பியூட்டர் எழுத்தைப் பாத்துப் பழகியிருக்கிறியள் போல. மானா அப்பிடியே வந்திருக்கு. இன்னும் கொஞ்சம் பழகினா எல்லாம் சரியா வந்திடும்."

"ஓம் தம்பி. வயசு போனாலும் படிக்கத்தானே வேணும்."

அவன் போனாப் பிறகு பலகையை ஈரச் சீலையாலை துடைச்சன். என்ரை எழுத்தை நானே களவாப் பாத்து எழுதின மாதிரி ஆகிப் போச்சு.

கலியாணம் சரிவந்து, நாளும் வைச்சாச்சு. ஒரு நாள் தலைமை வாத்தியாரும் மனிசியும் கலியாண அழைப்புக் காட்டை மாதிரிக்கு அடிச்சுக் காட்ட வந்தினம். மட்டை கிடைக்காத காலம், பழைய கலண்டர் தாளின்ரை பின்பக்கத்திலை அடிக்கிறதெண்டு முடிவு. வாத்தியாரின்ரை மருமோன் முறையான பெடியனட்டை அந்த எழுத்துக் கிடந்த தட்டு இருந்ததாம், அவன்தான் அடிச்சுக் குடுத்தவன். வாத்தியார் தாளை என்னட்டை நீட்டினார். எட்டாம் வகுப்புப் படிச்சவவெல்லோ, வாசிச்சுச் சொல்லட்டும் எண்டு.

"திருமண அழைப்பிதழ்." முதல் வரியிலையே காலை நீட்டிக்கொண்டு.

"எழுத்தைக் குறை நினைக்காதேங்கோ சம்பந்தி" எண்டார் வாத்தியார். "உது ஆரோ எழுத்துப் பழகாத ஆள் கீறினது. மற்றதெல்லாம் போகட்டும், மானாவைப் பாருங்கோ. பள்ளிக்கூடத்திலை எண்டா நான் கொப்பியை எறிஞ்சிருப்பன்."

மகள் என்னைப் பாத்தாள். அவளுக்குத் தெரியும். குருநகர்ப் பிள்ளை அறை வாசல்லை நிண்டவ, அவவும் பாத்தவ. நான் என்ன செய்தன் தெரியுமோ? சிரிச்சன். "ஓம் வாத்தியார், மாடு மூத்திரம் பெய்ஞ்ச கோடு மாதிரிக் கிடக்கு" எண்டன். வாத்தியார் வயிறு குலுங்கிச் சிரிச்சார். என்ரை எழுத்தை எல்லாரிலும் பாக்க நல்லா ஏசினது நான்தான். மகள் எழும்பிக் குசினிக்குப் போட்டாள்.

"மருமோனட்டைச் சொல்லி அந்தக் காலை வெட்டச் சொல்லிப் போட்டன்" எண்டார் வாத்தியார். "திறந்து திருத்தலாமாம்."

குருநகர்ப் பிள்ளைக்கு முகம் மலந்தது. "நல்லது ஐயா. திருத்தினாப் பிறகு எனக்கும் ஒரு கொப்பி தாங்கோ, நானும் போட்டு எல்லாருக்கும் குடுக்கிறன்" எண்டவ. என்ரை வீட்டிலை இருந்துகொண்டு, என்ரை சோத்தைத் திண்டுகொண்டு, என்ரை கண்ணுக்கு முன்னாலை என்ரை காலை வெட்டச் சம்மதிக்கிறா. அவை போனாப் பிறகு நான் கேட்டதுக்கு, "அதுதானே அன்ரி இதின்ரை முறை. உங்கடையெண்டதுக்காக அதுக்கு வேறை முறை வைக்கேலுமோ?" எண்டவ. நான் ரெண்டு நாள் அவவோடை கதைக்கேல்லை. மூண்டாம் நாள் சம்பலுக்கு உறைப்புக் கூடப் போட்டுக் கதையைத் தொடங்கினன்.

காட் வந்தது. மானா காலை மடிச்சு, மரியாதையா, பள்ளிக்கூடப் பிள்ளை மாதிரி இருந்தது. வடிவுதான். பொய் சொல்லக்கூடாது. அதைப் பாத்துப் பாத்து நானும் பழகத் தொடங்கினன். பலகையிலை எழுதிறது, துடைக்கிறது. என்னட்டை இருந்து போன எழுத்து, ஆரோ திருத்தி, எனக்கே பாடம் சொல்லித் தருது. கொஞ்ச நாளிலை என்ரை மானாவும் காலை மடிச்சு இருக்கப் பழகீட்டுது. எனக்கு இனி என்ன பயமெண்டு நினைச்சன்.

கலியாணத்துக்கு முன்னம் எழுத்து, எங்கடை ஆக்கள் கலியாணப் பதிவை அப்பிடித்தான் சொல்லுறது. எங்கடை வீட்டிலைதான் வைச்சம். அவர் கொழும்பிலை இருந்து வர வழியில்லாமல் நிண்டிட்டார். தேப்பனுக்குப் பதிலா என்ரை அண்ணை சாட்சிக் கையெழுத்து வைக்கிறதெண்டு கதை. மாப்பிள்ளையும் பொம்பிளையும் வைச்சு முடிய, பதிவுகாரர் "பொம்பிளை பக்கம் ஆர்?" எண்டார். அண்ணை எழும்ப, தலைமை வாத்தியார் கையைக் காட்டி மறிச்சார்.

"பெத்த தாய் இருக்கேக்கை ஏன் மாமன்? சம்பந்தி வைக்கட்டும். அதுதான் மரியாதை."

"அண்ணை வைக்கட்டும் வாத்தியார், எனக்குக் கை நடுங்கும்."

"கலியாண வீட்டிலை ஆருக்குத்தான் நடுங்காது? வாங்கோ."

மரியாதை எண்டு சொல்லிக் கூப்பிட்டா மாட்டனெண்டு சொல்லேலுமோ? போய்க் கதிரையிலை இருந்தன். மேசையிலை பதிவுப் புத்தகம், பக்கத்திலை கலியாணக் காட். வீடு முழுக்கச் சனம். என்ரை பேர் உங்களுக்கு வேண்டாம். அதிலை மானா ரெண்டு தரம் வரும், அதை மட்டும் தெரிஞ்சா காணும். முதல் மானாவைக் காலை மடிச்சு, அடக்க ஒடுக்கமா இருத்தினன். அப்பாடா எண்டு மூச்சு விட்டன். அந்த மூச்சோடை ரெண்டாவது மானா தன்ரை குணத்தைக் காட்டீட்டுது. கோட்டைத் தாண்டி, கீழை வாத்தியார் கையெழுத்து வைக்கிறதுக்கு விட்டிருந்த இடத்துக்குள்ளை போய்க் காலை நீட்டிக்கொண்டு கிடந்தது.

வாத்தியார் பேனையை வாங்கக் குனிஞ்சவர், அப்பிடியே நிண்டார். கண்ணாடியை மூக்கிலை இறக்கினார். கையெழுத்தைப் பாத்தார். காட்டைப் பாத்தார். திருப்பிக் கையெழுத்தைப் பாத்தார். பேந்து எனக்கு மட்டும் கேக்கிற மாதிரி மெல்லமாச் சொன்னார்:

"இது மூண்டாம் வகுப்பு மானா. நாலாம் வகுப்பிலைதான் நாங்கள் காலை மடக்கப் பழக்கிறது."

எனக்கு நிலம் பிளந்தா உள்ளுக்கை இறங்கிக் கதவைச் சாத்தியிருப்பன். பெடியனும் பெட்டையும் கையெழுத்து வைச்சாச்சுத்தான், ஆனா தாலி ஏறேல்லை. வாத்தியார் பேனையை வைச்சிட்டு எழும்பினா என்ரை பிள்ளை நடுச்சபையிலை நிப்பாள். எனக்கு ஒரு பகிடியும் வரேல்லை.

"ஓம் வாத்தியார்" எண்டன். "நாலாம் வகுப்புக்கு என்னை விடேல்லை."

நான் மகளின்ரை சீலைக் கரையைத்தான் பாத்துக்கொண்டிருந்தன், முகத்தைப் பாக்கத் துணிவில்லை. பேந்து வாத்தியார் பதிவுகாரரைப் பாத்து, "என்ரை இடத்திலை சம்பந்தி காலை நீட்டிப் போட்டா. நான் எங்கை வைக்கிறது?" எண்டார்.

"பக்கத்திலை ஒதுங்கி வையுங்கோ மாஸ்ரர்" எண்டார் பதிவுகாரர்.

ஒதுங்கி வைச்சார். அழகான எழுத்து, அச்சு மாதிரி. என்ரை காலுக்குப் பக்கத்திலை ஒடுங்கிப் போய் இருந்தது.

எழும்பேக்கை வாசல்லை நிண்ட குருநகர்ப் பிள்ளையைக் கேட்டார், "பிள்ளை, வெட்ட முன்னம் இருந்தது உம்மட்டைக் கிடக்கோ?"

"கிடக்கு ஐயா. அதையும் வைச்சிருக்கிறன், இதையும் வைச்சிருக்கிறன். வேண்டினவை வேண்டினதை எடுக்கட்டும்."

"ம்" எண்டார் வாத்தியார். அதுக்கு மேலை அவர் அதைப் பற்றிக் கதைக்கேல்லை, அண்டைக்கும் இல்லை, பிறகும் இல்லை. நானும் மாட்டு மூத்திரத்தைப் பற்றிக் கதைக்கேல்லை.

ஆனா கதை ஒரு மேசையோடை எவ்வளவு நேரம் நிக்கும்? இலை போட்டுச் சோறு வர முன்னமே குசினி வரைக்கும் போட்டுது. பெண்டுகள் பந்தியிலை பாயிலை இருந்தம். எனக்கு நேர் முன்னாலை வாத்தியாரம்மா. வாழ்க்கையிலை நான் பகிடி பண்ணாத ஆளில்லை, அவவையும் ரெண்டு மூண்டு தரம் பண்ணியிருக்கிறன். அவ பருப்புக்கு நெய் விட்டுக்கொண்டு, தலை நிமித்தாமல், எல்லாருக்கும் கேக்கச் சொன்னவ:

"சம்பந்தி, நீங்கள் காலை நீட்டி வசதியா இருங்கோ. உங்களுக்கு மடக்கக் கஷ்டமெல்லோ."

பந்தி முழுக்கச் சிரிச்சுது. மகள் கூடச் சிரிச்சாள். அவள் சிரிச்சதைக் காணத்தான் எனக்கு மூச்சு வந்தது. திருப்பிக் குடுக்க வாயைத் திறந்தன். சோத்துக்குள்ளை குனிஞ்சுகொண்டன்.

கால் ரெண்டும் விறைச்சு, மரக்கட்டை மாதிரிப் போட்டுது. அவை எல்லாம் அரியாலைக்கு வெளிக்கிடும் வரைக்கும் நான் அதை மடிச்சபடிதான் வைச்சிருந்தனான்.